எங்கள் இணைப்பின் கணக்கு எங்களுக்கும் தெரிய வேண்டும்: கோட்டக்குப்பம் இணையச் சந்தாதாரர் கோரிக்கைச் சாசனம்

முன்வைப்போர்: கோட்டக்குப்பம் நகராட்சியிலும் அதை ஒட்டிய கடலோரக் கிராமங்களிலும் கேபிள், ஃபைபர் வழியாக இணையம் பெறும் வீட்டார், கடைக்காரர்கள், மாணவர்கள்.

பெறுவோர்: இப்பகுதியில் சேவை தரும் இணைய நிறுவனங்கள், உள்ளூர் கேபிள் நடத்துநர்கள், கோட்டக்குப்பம் நகராட்சி, விழுப்புரம் மாவட்ட ஆட்சியர், தொலைத்தொடர்புத் துறையின் தமிழ்நாடு வட்ட அலுவலகம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்.

முகவுரை

கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. பேரூராட்சியாக இருந்து 2021இல் நகராட்சியானது. மாவட்டத்தில் விழுப்புரம், திண்டிவனத்துக்கு அடுத்த மூன்றாவது நகராட்சி இது. ஆனால் அஞ்சல் குறியீடு 605104, தொலைபேசிக் குறியீடு 0413 என்று புதுச்சேரியோடு ஒட்டியே எங்கள் விலாசம் எழுதப்படுகிறது. முத்தியால்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் மாநிலம் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று வெளியூர்க்காரர் கண்டுபிடிக்க முடியாது. இணைய கேபிளும் அதே சாலையோரமாகத்தான் வருகிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது, பள்ளி வீட்டுப்பாடம், வங்கி வேலை, கடையின் யு.பி.ஐ. வசூல், அரசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் என்று எல்லாமே இப்போது வீட்டு மூலையில் மின்னும் அந்தச் சிறு பெட்டி வழியாகத்தான் நடக்கிறது. கிராம ஊராட்சிகளுக்கு மாற்று வழி ஒன்று வருகிறது. பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணியைச் செய்கிறது. நகராட்சியாகிய நாங்கள் அந்தக் கணக்கில் இல்லை. எங்களுக்குத் தனியார் நிறுவனமும் தெருவின் கேபிள்காரரும்தான் வழி. ஆகவே அவர்கள் எங்கள் இணைப்பை எப்படி நிர்வகிக்கிறார்கள் என்பது ஊர்ப் பொதுப் பிரச்சினை.

பிரச்சினை எங்கே இருக்கிறது?

நெட் போனால் எல்லோரும் முதலில் கம்பத்தைத்தான் பார்க்கிறோம். கம்பம் பல சமயம் நன்றாகவே இருக்கும். இணைப்பைக் கொடுப்பதும் எடுப்பதும் கண்ட்ரோல் ரூமில் ஓடும் சந்தாதாரர் மேலாண்மை மென்பொருள். அது செய்யும் வேலையை ஒவ்வொரு சந்தாதாரரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேபிள் மோடத்தை ஆன் செய்ததும் அது தனக்கான அலைவரிசையைத் தேடிப் பிடிக்கிறது. கண்ட்ரோல் ரூமிலுள்ள சி.எம்.டி.எஸ். கருவியோடு தொடர்பு கிடைத்ததும், தன்னுடைய அடையாள எண்ணான மேக் எண்ணைச் சொல்லி முகவரி கேட்கிறது. அங்குள்ள டி.எச்.சி.பி. சர்வர் சந்தாதாரர் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடுகிறது. இருந்தால், ஐ.பி. முகவரியோடு ஒரு கோப்பின் பெயரையும் அனுப்புகிறது. மோடம் அந்தக் கோப்பை இறக்கிக்கொள்கிறது. இறங்கும் வேகம் எவ்வளவு, ஏறும் வேகம் எவ்வளவு, எத்தனை கருவிகளை நேராகப் பூட்டலாம் என்பதெல்லாம் அந்தச் சிறு கோப்பில் எழுதியிருக்கும். அதன்படி மோடம் தன்னைப் பதிவு செய்துகொண்ட பிறகே பச்சை விளக்கு நிலையாக எரியும். அமெரிக்காவின் கேபிள்லேப்ஸ் அமைப்பு 1997இல் வெளியிட்ட டாக்சிஸ் தரத்திலிருந்து இன்றுவரை அடிப்படை முறை இதுதான். ஃபைபர் இணைப்பில் மேக் எண்ணின் இடத்தில் வீட்டில் வைக்கும் ஓ.என்.யூ. பெட்டியின் வரிசை எண்ணோ பயனர் பெயரோ வரும். கோப்பின் வேலையைப் பெரும்பாலும் சந்தாதாரரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் பார்த்துக்கொள்ளும். எந்த வழியாக இருந்தாலும் கடைசியில் பேசுவது பதிவேடுதான்.

பணம் கட்டிய தேதி ஒரு கட்டத்தில் ஏறாவிட்டால் இணைப்பு நிற்கும். மேக் எண்ணில் ஓர் எழுத்து பிசகினால் புது மோடம் விடியவிடிய மின்னிக்கொண்டே இருக்கும். 100 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்குப் பணம் வாங்கிவிட்டு 40க்கான கோப்பை ஒட்டிவைத்தாலும் வீட்டிலுள்ளவருக்கு எளிதில் தெரியாது. கேட்டால், "எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு, ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்பார்கள். அவர்கள் சைடில் என்ன இருக்கிறது என்பதை நாங்கள் பார்க்க முடியாது என்பதே இந்தச் சாசனத்தின் ஆதாரக் குறை.

மின்வாரிய ஊழியர் கணக்கெடுக்க வந்தால் அளவை வீட்டு அட்டையிலும் எழுதிவிட்டுப் போகும் வழக்கம் நமக்குத் தெரியும். வாரியத்திடம் ஒரு கணக்கு, வீட்டில் ஒரு கணக்கு. சண்டை வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இணைய இணைப்பில் கணக்கு ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கணக்கு எங்களுக்கு வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு கோரிக்கையும் இதிலிருந்து பிறந்ததே.

கோரிக்கை 1: பதிவேட்டைப் பார்க்கும் உரிமை

ஒவ்வொரு சந்தாதாரரும் தம் இணைப்பின் பதிவை எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பார்க்க வழி வேண்டும். அதில் குறைந்தது இவை இருக்க வேண்டும்:

(அ) பெயர், விலாசம், மோடத்தின் மேக் எண் அல்லது ஓ.என்.யூ. எண்.

(ஆ) சந்தா எடுத்த திட்டம் எது, மோடத்தில் இப்போது ஏற்றியிருக்கும் வேக வரம்பு எது. இரண்டும் அருகருகே.

(இ) கடைசியாகப் பணம் வரவான தேதி, தொகை, அடுத்த கெடு.

(ஈ) கடந்த ஆறு மாதத்தில் இணைப்பு எப்போது நின்றது, எப்போது வந்தது, என்ன காரணம்.

(உ) பதிவில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு.

கடைசி வரியைத்தான் அழுத்திக் கேட்கிறோம். திட்டம் மாறியதும் தெரியாமல், மாற்றியவர் யார் என்றும் தெரியாமல் கூடுதல் பில் கட்டும் நிலை வரக் கூடாது. செயலியில் மட்டும் காட்டினால் போதாது. ஸ்மார்ட்போன் இல்லாதவர் கேட்டால் கேபிள்காரர் அலுவலகத்தில் ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். பில், குறுஞ்செய்தி, செயலி மூன்றும் தமிழில் இருக்க வேண்டும்.

கோரிக்கை 2: எங்கள் மாவட்டத்தைச் சரியாக எழுதுங்கள்

605 என்று தொடங்கும் அஞ்சல் குறியீட்டைக் கண்டதும் மாநிலம் என்ற கட்டத்தில் புதுச்சேரி என்று தானாக நிரப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். விழுப்புரம் நகரத்தின் குறியீடே 605602தான். அந்த மூன்று எண்ணை வைத்து மாநிலத்தை முடிவு செய்ய முடியாது.

இது வெறும் விலாசப் பிழையாக நிற்பதில்லை. முதலாவது, வரி. 2017ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரிச் சட்டம் பிரிவு 12(11)இன்படி, நிலையான கம்பி, கேபிள் வழிச் சேவை எங்கே பொருத்தப்பட்டிருக்கிறதோ அதுவே சேவை வழங்கப்பட்ட இடம். புதுச்சேரியில் பதிவு பெற்ற நிறுவனம் கோட்டக்குப்பத்து வீட்டுக்கு இணைப்புத் தந்தால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சேவை. நாங்கள் கட்டும் 18 விழுக்காடு மாறாது. அதில் மாநிலப் பங்கு யாருக்குச் சேர்கிறது என்பது மாறும். எங்கள் சாலைக்கும் சாக்கடைக்கும் நிதி தரும் மாநிலத்துக்கே எங்கள் வரி போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது, இழப்பீடு. 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த டிராயின் சேவைத் தர விதிகள், மாவட்ட அளவில் 24 மணி நேரத்தைத் தாண்டும் முடக்கத்துக்கு வாடகைக் கழிவோ நாள் நீட்டிப்போ தரவேண்டும் என்ற முறையைத் தொலைத்தொடர்புச் சேவையில் கொண்டுவந்தன. இப்படி மாவட்டத்தை வைத்து எண்ணும்போது, கண்ட்ரோல் ரூம் புதுச்சேரியிலும் வீடு விழுப்புரம் மாவட்டத்திலும் இருப்பவர் இரண்டு கணக்கிலும் விடுபட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது. எல்லையோர ஊர்களுக்குக் கண்ட்ரோல் ரூம் அல்லது நோடு (ஒரு பகுதி வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் இணைப்புப் புள்ளி) அடிப்படையில் முடக்கத்தைக் கணக்கிட டிராய் தெளிவான ஆணை பிறப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, சேவை மறுப்பு. "அது தமிழ்நாடு ஏரியா, எங்களுக்கு அனுமதி இல்லை" என்ற பதில் ஏற்கத்தக்கதல்ல. தொலைத்தொடர்பு உரிமத்தின் கணக்கில் தமிழ்நாடும் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளும் ஒரே வட்டம். மாநில எல்லையைக் காட்டிப் புது இணைப்பையோ பழுது நீக்கத்தையோ தள்ளிப்போடக் கூடாது.

கோரிக்கை 3: புது இணைப்பு

பணம் கட்டிய ஏழு நாளுக்குள் இணைப்பு வேலை செய்ய வேண்டும் என்பது இப்போதைய விதி. டிராயின் 2006 விதிகளில் இது 15 வேலை நாளாக இருந்தது. கேபிள் இழுத்துவிட்டோம், மோடம் வைத்துவிட்டோம் என்பதெல்லாம் இணைப்புக் கொடுத்ததாக ஆகாது. பதிவேட்டில் ஏறி, இணையப் பக்கம் திறந்த நேரமே இணைப்பு நேரம். மாதக் கட்டணமும் அந்த நேரத்திலிருந்துதான் ஓட வேண்டும்.

மேக் எண் என்பது 12 எழுத்தும் இலக்கமும் கலந்தது. லைன்மேன் மாடியில் நின்றுகொண்டு அலுவலகத்துக்குப் போனில் படித்துக் காட்டும்போது எட்டும் ஆங்கில 'பி'யும், சுழியும் 'டி'யும் இடம் மாறிவிடுகின்றன. மோடத்தின் அடியில் பார்கோடு ஒட்டித்தான் வருகிறது. அதைக் கைபேசியில் ஸ்கேன் செய்து நேராகப் பதிவேற்றும் வசதியை எல்லா லைன்மேன்களுக்கும் கொடுங்கள்.

கோரிக்கை 4: முன்னறிவிப்பு இல்லாமல் துண்டிக்காதீர்கள்

(அ) கெடு முடிவதற்கு மூன்று நாளும் ஒரு நாளும் முன்பாகத் தமிழில் குறுஞ்செய்தி வர வேண்டும்.

(ஆ) நள்ளிரவு 12 மணிக்குத் தானாகத் துண்டிக்கும் முறை வேண்டாம். அலுவலகம் திறந்திருக்கும் பகல் நேரத்தில், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும்போது மட்டுமே துண்டிக்கலாம். ஞாயிறு, அரசு விடுமுறை, பெருநாள், பண்டிகை நாட்களில் கூடாது.

(இ) யு.பி.ஐ. வழியாகக் கட்டிய பணம் 15 நிமிடத்தில் பதிவேட்டில் வரவாக வேண்டும். வீடு வீடாக வந்து ரொக்கம் வாங்குபவர், வாங்கிய இடத்திலேயே வரவு வைத்துக் குறுஞ்செய்தி ரசீது தர வேண்டும். சாயங்காலம் அலுவலகம் போய் ஏற்றிக்கொள்ளலாம் என்ற வழக்கத்தால், பணம் கட்டியவர் வீட்டிலும் நெட் நிற்கிறது.

(ஈ) பணம் கட்டியாயிற்றா இல்லையா என்று தகராறு வந்தால், சந்தாதாரர் ரசீது அல்லது பரிமாற்ற எண் காட்டிய நேரத்திலிருந்து 48 மணி நேரம் இணைப்புத் தொடர வேண்டும்.

(உ) துண்டிக்கும்போதும் மோடத்தை ஊமையாக்க வேண்டாம். காரணம், பாக்கித் தொகை, கட்டும் வழி, புகார் எண் ஆகியவை மட்டும் காட்டும் ஒரு பக்கத்துக்கு இணைப்பைத் திருப்பிவிடலாம். இந்த வசதி தரும் மென்பொருள் சந்தையில் உண்டு. எது பழுது, எது பாக்கி என்று அப்போது வீட்டுப் பெரியவர்களுக்கும் விளங்கும்.

கோரிக்கை 5: வேகத்தில் நேர்மை

அகண்ட அலைவரிசை என்ற பெயரைச் சொல்ல வேண்டுமானால் குறைந்தது 2 எம்.பி.பி.எஸ். இருக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை வரையறுத்தது. அதற்கு முன் அது 512 கே.பி.பி.எஸ். ஆக இருந்தது. டேட்டா அளவு முடிந்த பிறகு வேகத்தைக் குறைக்கும் திட்டங்களில், பாதியிலும் 90 விழுக்காட்டிலும் முழுதாக முடிந்ததும் சந்தாதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று டிராய் 2016 அக்டோபரில் ஆணையிட்டது. அந்த அறிவிப்புகள் தவறாமல் வரட்டும். குறைத்த வேகமும் 2 எம்.பி.பி.எஸ்.க்குக் கீழே போகக் கூடாது.

கேபிள் இணையத்தில் ஒரு நோடின் அலைவரிசையை அந்தப் பகுதி வீடுகள் எல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன. புது இணைப்பு சேரச் சேர, மாலை 7 முதல் 11 வரை எல்லோருக்கும் நெரிசல். எங்கள் நோடில் எத்தனை வீடுகள், நெரிசல் நேரத்தில் எவ்வளவு விழுக்காடு நிரம்புகிறது என்பதை மாதம் ஒருமுறை வெளியிடுங்கள். 80 விழுக்காட்டைத் தொடர்ந்து தாண்டும் நோடைப் பிரிக்கும்வரை அங்கே புது இணைப்பு விற்கக் கூடாது.

கோரிக்கை 6: பழுது உங்களுக்கு முன்பே தெரியும்

மோடம் தனக்கு வரும் சிக்னல் அளவையும், தான் திருப்பி அனுப்பும் அளவையும், இரைச்சலையும் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க முடியும். டாக்சிஸ் தரப்படி வரும் சிக்னல் மைனஸ் 15 முதல் பிளஸ் 15 டி.பி.எம்.வி.க்குள் இருக்க வேண்டும். ஒரே நிமிடத்தில் ஒரு தெருவின் இருபது மோடங்கள் மௌனமானால் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் நின்றிருக்கலாம். ஒரே ஒரு மோடத்தின் சிக்னல் நாளுக்கு நாள் தேய்ந்தால் அந்த வீட்டு இணைப்பில் துரு ஏறியிருக்கலாம். கடற்கரை ஊரில் இது சகஜம். தந்திராயன்குப்பத்திலும் சின்ன முதலியார்சாவடியிலும் உப்புக் காற்று கனெக்டரை அரிப்பது எல்லா லைன்மேன்களும் அறிந்ததே. கேபிள் இணையத்தில் ஒரு வீட்டுத் தளர்ந்த கனெக்டர் வழியே நுழையும் இரைச்சல், திரும்பு பாதையில் ஒன்றுசேர்ந்து அந்த நோடின் மற்ற வீடுகளையும் கெடுக்கும். ஆகவே துருவைத் தேடிப் போய் எடுப்பது எல்லோருக்கும் நல்லது.

எனவே கேட்கிறோம்: பல வீடுகள் ஒன்றாக நின்றால், நாங்கள் போன் செய்வதற்கு முன்பே உங்களிடமிருந்து செய்தி வரட்டும். என்ன பழுது, எப்போது சரியாகும் என்று அதில் இருக்கட்டும். சிக்னல் எல்லை தாண்டும் வீட்டுக்கு, புகார் வராமலேயே லைன்மேன் வரட்டும். ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னதும் கேபிள்காரரிடம் நேரில் சொன்னதும் புகாராகப் பதிவாக வேண்டும். சந்தாதாரர் "சரியாகிவிட்டது" என்று உறுதி சொல்லாமல் புகாரை முடித்துவைக்கக் கூடாது.

மூன்று நாளைத் தாண்டிய பழுதுக்குக் கழிவு தரவேண்டும் என்பது விதி. அதற்கு நாங்கள் மனுப் போட வேண்டிய அவசியமே இல்லை. இணைப்பு நின்ற நேரமும் வந்த நேரமும் மென்பொருளில் இருக்கின்றன. அடுத்த பில்லில் கழிவு தானாக இறங்க வேண்டும்.

கோரிக்கை 7: புயல் காலம்

2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் என்று இந்தக் கரையை இயற்கை விடாமல் அடிக்கிறது. மின்சாரமே இல்லாத நாட்களிலும் ரீசார்ஜ் கெடு ஓடிக்கொண்டே இருப்பது நியாயமில்லை. மாவட்ட நிர்வாகம் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் அளவுக்குப் புயல், வெள்ளம் வந்தால், அந்த நாள் முதல் இணைப்பு மீளும்வரை யாருடைய கெடுவும் முடியக் கூடாது. நின்ற நாட்கள் அத்தனையும் பின்னால் சேர வேண்டும். மருத்துவமனை, நகராட்சி அலுவலகம், நிவாரண முகாம், மீனவர் கிராமங்களில் ஒரு பொது இடம் ஆகியவற்றின் இணைப்பை முதலில் மீட்க வேண்டும் என்ற வரிசை, மென்பொருளிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கோரிக்கை 8: எங்கள் தகவல்

ஆதார் நகல், போன் எண், வீட்டு விலாசம், பணம் கட்டும் பழக்கம் எல்லாம் ஒரே பதிவேட்டில் குவிந்திருக்கின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. நடைமுறை மட்டும் பழையபடியே இருக்கக் கூடாது. ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்ல வேண்டாம். பாக்கிதாரர் பட்டியலைக் குழுக்களில் போட வேண்டாம். லைன்மேனுக்கு வேலைக்கு வேண்டிய விலாசமும் சிக்னல் விவரமும் போதும். இணையப் பயன்பாட்டுப் பதிவை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உரிம நிபந்தனை 2021 டிசம்பரில் மாறியது. சட்டப்படி எழுத்தில் கேட்கும் அதிகாரிக்கு மட்டுமே அது போக வேண்டும். கெடு முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். விளம்பரத்துக்கு ஒரு வரிகூட விற்கக் கூடாது.

மோடத்துக்குள் தொலைவிலிருந்து நுழைந்து எதையாவது மாற்றினால் எங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். ஊர் முழுக்க ஒரே கடவுச்சொல்லோடு மோடம் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

கோரிக்கை 9: விலகும்போது

விலகிய சந்தாதாரரின் டெபாசிட்டைத் திருப்ப 2006 விதிகள் 60 நாள் தந்தன. நாங்கள் 30 நாள் கேட்கிறோம். சொந்தப் பணத்தில் வாங்கிய மோடத்தின் எண்ணைப் பழைய பெயரிலிருந்து ஏழு நாளுக்குள் விடுவிக்க வேண்டும். விடுவிக்காததால் நல்ல மோடங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

கோரிக்கை 10: கேபிள்காரருக்கும் லைன்மேனுக்கும் நியாயம்

தெருத்தெருவாகக் கேபிள் இழுத்து இருபது, முப்பது ஆண்டாக உழைத்தவர்கள் எங்கள் ஊர் கேபிள்காரர்கள். டி.வி. இணைப்பு குறைந்த காலத்தில் இணையம்தான் அவர்களின் பிழைப்பு. மேலே உள்ள நிறுவனம் ஒரே பொத்தானில் அவர்கள் சேர்த்த சந்தாதாரர் பட்டியலை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிடலாம் என்ற நிலை நீதியல்ல. பங்கு எவ்வளவு, பட்டியல் யாருடையது, ஒப்பந்தம் முடிந்தால் சந்தாதாரர் யாரிடம் இருப்பார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சந்தாதாரரின் சம்மதம் இல்லாமல் இணைப்பு கை மாறக் கூடாது. அவர்களுக்கும் பதிவேட்டின் தங்கள் பகுதியைப் பார்க்கும் அதிகாரம் வேண்டும். எங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திட்டு வாங்குவது கடைசியில் அவர்கள்தான்.

கம்பம் ஏறும் லைன்மேனுக்குப் பாதுகாப்புப் பட்டை, கையுறை, விபத்துக் காப்பீடு கட்டாயம். மழையில் மின்கம்பம் ஏறச் சொல்லி எந்தச் சந்தாதாரரும் நெருக்க மாட்டோம். நிறுவனமும் நெருக்கக் கூடாது.

கோரிக்கை 11: மென்பொருள் ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது

தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. கழகம் 2007இல் தொடங்கப்பட்டது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மறுபடி உயிர்பெற்றபோது தமிழ்நாடே பேசியது. அரசின் கையிலிருந்த அந்த அமைப்பிலேயே 2022 நவம்பரில் லட்சக்கணக்கான வீடுகளின் செட்டாப் பாக்ஸ்கள் ஒரே நாளில் நின்றுபோயின. மின்சாரமோ கேபிளோ காரணமில்லை. மென்பொருளைக் கையில் வைத்திருந்த தனியார் நிறுவனத்தோடு இருந்த தகராறுதான் காரணம் என்று அரசு அறிவித்தது. யாரிடம் சாவி இருக்கிறதோ அவரே எஜமானர் என்பதற்கு இதைவிட வெளிச்சமான சாட்சி வேண்டாம். பாடம் டி.வி.க்கு மட்டுமல்ல, இணையத்துக்கும் உரியது.

ஆகவே: சந்தாதாரர் பதிவேடு எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய பொது வடிவத்தில், நாள்தோறும் தனி இடத்தில் நகலெடுத்து வைக்கப்பட வேண்டும். மென்பொருள் நிறுவனத்தோடு தகராறு வந்தாலும் குறைந்தது 90 நாள் சேவை நிற்காது என்ற விதி ஒப்பந்தத்தில் வேண்டும். முகவரி தரும் சர்வரும் கோப்புத் தரும் சர்வரும் ஒரே ஓர் இயந்திரத்தில் இருக்கக் கூடாது. ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்க வேண்டும். கட்டற்ற மென்பொருளில் கீயா என்ற டி.எச்.சி.பி. சர்வரும் ஃப்ரீரேடியஸும் இருக்கின்றன. சிறு நடத்துநர்கள் இவற்றைக் கையாள, மாவட்டத்துப் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகள் வழியாகப் பயிற்சி தர அரசு முன்வரட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலையும் பிறக்கும்.

கோரிக்கை 12: நகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும்

சாலையும் பாதாளச் சாக்கடையும் தோண்டும்முன், கேபிள் பதித்தவருக்கு முன்கூட்டித் தகவல் போக வேண்டும். இதற்கென்றே மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியை வெளியிட்டிருக்கிறது. ஒப்பந்ததாரர்கள் அதைப் பயன்படுத்துவதைப் பணி ஆணையின் நிபந்தனையாக்குங்கள். அறுந்து கம்பத்தில் தொங்கும் செத்த கேபிள்களை நிறுவனங்களைக் கொண்டே அகற்றச் செய்யுங்கள். மாவட்ட ஆட்சியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனங்கள், கேபிள்காரர்கள், மின்வாரியம், சந்தாதாரர் அனைவரையும் உட்காரவைத்து ஒரு குறைதீர் கூட்டம் நடத்த வேண்டும். புதுச்சேரியில் கண்ட்ரோல் ரூம் வைத்திருப்போரும் அதற்கு வர வேண்டும்.

எங்கள் கடமைகள்

கேட்பதை மட்டுமல்ல, செய்வதையும் எழுதுகிறோம். கெடுவுக்குள் பணம் கட்டுவோம். ஒரே இணைப்பைப் பக்கத்து வீட்டுக்கு விற்க மாட்டோம். பிறர் மேக் எண்ணைத் திருடி ஒட்டிய மோடத்தைப் பயன்படுத்த மாட்டோம். அப்படி ஒன்று வந்தால் எண்ணுக்கு உரியவரின் இணைப்பும் தடுமாறும் என்று அறிவோம். சொந்தமாக ஸ்ப்ளிட்டர் போட்டுக் கம்பியை வெட்டி ஒட்ட மாட்டோம். வீடு மாறினால், போன் எண் மாறினால் தெரிவிப்போம். துரு எடுக்க வரும் லைன்மேனுக்குக் கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுப்போம்.

கெடுவும் அடுத்த படியும்

இந்தச் சாசனம் கையில் கிடைத்த 30 நாளுக்குள், எந்தக் கோரிக்கையை ஏற்கிறோம், எதை எப்போது செய்வோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் பதில் தர வேண்டும். கோரிக்கை 1, 2, 4 மூன்றுக்கும் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. மென்பொருளின் அமைப்பை மாற்றினால் போதும். அவற்றை 60 நாளில் எதிர்பார்க்கிறோம்.

வரும் பதில்களை நகராட்சியின் பகுதி சபைக் கூட்டங்களில் வாசிப்போம். நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாள் கூட்டத்தில், எந்த நிறுவனம் எத்தனை கோரிக்கையை நிறைவேற்றியது என்ற பட்டியலை வைப்போம். பட்டியலைப் பார்த்து யாரிடம் இணைப்பு வாங்குவது என்று ஊர் முடிவு செய்யும்.

பதில் வராத இடத்தில் சட்டத்தின் படிகளில் ஏறுவோம். முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அடுத்து அதன் மேல்முறையீட்டு அதிகாரி, பிறகு மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளம். அதற்கும் மேலே விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புச் சந்தாதாரர் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; நிறுவனத்தின் அலுவலகம் புதுச்சேரியில் இருக்கிறதா சென்னையில் இருக்கிறதா என்பது பொருட்டில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க எங்களில் ஆள் இருக்கிறது.

இன்று முதல் ஒவ்வொரு வீட்டாரும் நெட் நின்ற நேரத்தையும் வந்த நேரத்தையும், பேசியவர் சொன்ன பதிலையும், புகார் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவைப்போம். நிறுவனத்தின் பதிவேடு எங்களுக்குத் திறக்கும்வரை அந்த நோட்டுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு. ஆணையத்தின் முன் முதலில் வைக்கப்போவதும் அதையே.

கோட்டக்குப்பம், வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம் 605104, தமிழ்நாடு.